மெத்தென்றவை முதலில்

அன்று காலை முதல் கட்டியிலேயே பிளேடு கரகரவென்றது. கத்தியக்கா சக்கரத்தின் கைப்பிடியை அப்படியே நிறுத்தினாள். மெழுகுக்குள் புதைத்த மனிதச் சதைத் துண்டுகளைத் தலைமுடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவுவதுதான் பதினாறு வருஷமாக அவள் வேலை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கத்தியக்காதான். பிளேடு சரியாக ஓடுகிறதா இல்லையா என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குக் காது சொல்லிவிடும். நன்றாக ஓடும்போது துணி கிழிவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். இது பல்லைக் கடிக்கும் சத்தம்.

சீவி வந்த ஏட்டை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டாள். நீளவாட்டத்தில் இரண்டு கிழிசல். பிளேடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு இடம் பொக்கையாகியிருந்தது. உறையைப் பிரித்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத புதுப் பிளேடு. கட்டியின் ஓரத்தில் எண் 412 என்று எழுதியிருந்தது. நுரையீரல், கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு.

"ஆபரேஷன் பண்றவங்க பின்னை எடுக்காம அனுப்பிட்டாங்க போல," என்றாள், பக்கத்து மேசையில் கண்ணாடித் தகடுகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவளிடம். நுரையீரலில் துண்டு வெட்டி எடுத்தால், காற்று ஒழுகாமல் இருக்க அந்த இடத்தைச் சின்னச் சின்ன உலோகப் பின் அடித்துத்தான் மூடுவார்கள். ஒன்றிரண்டு தப்பி மெழுகுக்குள் வந்துவிடுவது உண்டு.

"அவங்க பாட்டுக்கு விட்டுட்டுப் போவாங்க. நாமதான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடணும்," என்றாள் சாயக்காரி.

கத்தியக்கா வேறு பிளேடு மாட்டினாள். கட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, கிழியாத ஓரமாகப் பார்த்து நான்கு ஏடு சீவி எடுத்துத் தகட்டில் ஒட்டினாள். எங்கேயும் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. பிளேடு பொக்கையானதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்? அடுத்து ஒரு குடல், அதற்கடுத்து சிறுநீரகம், தோல் என்று வேலை ஓடியது. எலும்புக் கட்டி ஒன்று இருந்தது, எண் 411. குளியலறையில் விழுந்த ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு. அதை மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்தாள். மெத்தென்று இருப்பது முதலில், முரட்டுச் சரக்கு கடைசியில். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. எலும்பைத் தொட்ட பிளேடு வேறு எதற்கும் உதவாது என்பதால் அவளாகப் பழக்கிக்கொண்ட முறை.

ஆனால் சாயங்காலம் ரிஜிஸ்டர் எழுதும்போது மட்டும் எண் வரிசையில் எழுதிவிடுவாள். 409, 410, 411, 412. மேற்பார்வையாளருக்கு ரிஜிஸ்டர் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். எண் முன்னும் பின்னுமாக இருந்தால் முகம் சுளிப்பார். எதற்கு வம்பு என்று பதினாறு வருஷமாக அப்படியே எழுதி வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் ரிப்போர்ட் ஜன்னலில் அவளுக்கு முறை வந்தது. கருங்கல் பலகை பதித்த ஜன்னல். வெளியே கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மனிதருக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தேழு இருக்கும். மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பலகையில் கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"நானூத்திப் பன்னெண்டு வந்துடுச்சாக்கா?" என்று மனைவி கேட்டாள். "இவரு பேசினா மூச்சு வாங்கும். நான்தான் பேசுவேன். முன்னாடியும் நான்தான் பேசுவேன், அது வேற விஷயம்."

கணவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலில் போய் முடிந்தது.

இன்னும் வரவில்லை என்று கத்தியக்கா சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "இருபதாம் தேதி போர்டுக்கா. ஆறே நாள்தான் இருக்கு," என்றாள். கேட்காமலே கொட்டிவிட்டாள். கல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பாலிஷ் வேலை. மூன்று வருஷமாக மூச்சு இரைப்பு. முதலில் காசநோய் என்று ஆறு மாசம் மாத்திரை. தீரவில்லை என்று இன்னொரு ஆறு மாசம் மாத்திரை. அப்புறம் ஆஸ்துமா என்று ஊதுகிற குழாய். அப்புறம் ஒரு டாக்டர், எல்லாம் மனசுதான், நல்லா தூங்குங்க என்றார். கடைசியாக இங்கே நெஞ்சில் துளை போட்டுத் துண்டு எடுத்திருக்கிறார்கள். என்ன நோய் என்று ரிப்போர்ட்டோடு மருத்துவ போர்டின் முன்னால் போய் நின்றால், பட்டறையில் தூசு இல்லாத வேலை, வாசல் காவலோ ஏதோ ஒன்று, கொடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு போனால் வேலைக்கு வராதவர் என்று பேரை அடித்துவிடுவார்கள்.

"ஏதாவது ஒரு பேரு வேணும்க்கா. பேரில்லாத நோய்க்கு லீவு கிடையாதாம்."

"வந்துடும்மா. நான் பாக்கிறேன்," என்றாள் கத்தியக்கா. சொன்ன பிறகுதான் அந்தப் பொக்கைப் பிளேடு நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானமே, தகடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மைக்ரோஸ்கோப்பின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேற்பார்வையாளர் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறது. அந்தப் பேச்சு வந்ததிலிருந்து மனிதர் அதைக் கையைவிட்டுக் கீழே வைப்பதே இல்லை.

"இதப் பாரு," என்றார் டாக்டரம்மா.

கத்தியக்கா குனிந்து பார்த்தாள். சாயம் ஏறிய நுரையீரல் வலைவலையாகத் தெரிந்தது. அதற்கு நடுவே அங்கங்கே இளஞ்சிவப்புத் துணுக்குகள், வரிவரியாக. எலும்பு. பதினாறு வருஷம் பார்த்த கண்ணுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"நுரையீரல்ல எலும்புக்கு என்ன வேலை? உன் பிளேடுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. எலும்பு வெட்டின பிளேடை மாத்தாமலே இதையும் வெட்டியிருக்கே."

"இல்ல மேடம். நான் எலும்பைக் கடைசியாத்தான் எடுப்பேன். இது அன்னைக்கு முதல் கட்டி."

மேற்பார்வையாளர் இதற்காகவே காத்திருந்தவர்போல ரிஜிஸ்டரை விரித்தார். 411 எலும்பு. அதற்குக் கீழே 412 நுரையீரல். "இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதான் சார். ஆனா அது நம்பர் வரிசை. வெட்டின வரிசை இல்ல."

"அப்ப ரிஜிஸ்டர்ல பொய் எழுதினியா, இல்ல இப்ப பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

 இரண்டில் எதைச் சொன்னாலும் கத்தியக்கா மாட்டிக்கொள்வாள். அவர் ஒரு தாளை நீட்டினார். கலப்பு நேர்ந்தது என் கவனக்குறைவால் என்று தட்டச்சு செய்து வைத்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். அவளுக்கு வேலை பதினோரு மாச ஒப்பந்தம், புதுப்பிப்பு அடுத்த மாசம்.

"போட்டுட்டுப் போ. ஊதிப் பெரிசாக்காதே. எலும்பைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதிடுவாங்க."

"மிச்சத்துல என்ன இருக்கு மேடம்?"

"கொஞ்சம் கல்தூள், கொஞ்சம் தழும்பு. பெரிசா ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "குறிப்பிடத்தக்க நோய் இல்லைன்னு போகும்."

அந்தப் பெண் ஜன்னலில் நின்ற நிலை கத்தியக்காவின் கண்முன் வந்தது. பேனா கையில் இருந்தது. மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க மேடம்," என்றாள். கேட்டுவிட்டாளே தவிர, நாளை மத்தியானத்துக்குள் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிவிட்டு, "சரி, நாளைக்கு மத்தியானம்," என்றார்.

அவள் புருஷன் தையல் கடையில் துணி வெட்டுகிறவர். ரெண்டு பேரும் வெட்டுகிறவங்க, அதான் வீட்டுல பேச்சு ஒட்டவே மாட்டேங்குது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையெழுத்துப் போட்டா என்ன? ஒரு திட்டு, ஒரு தாளு, முடிஞ்சுது. போடலைன்னா அடுத்த மாசம் உன்ன உள்ளயே விட மாட்டாங்க," என்றார்.

"போட்டா அந்த ஆளுக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் போயிடும்ங்க."

"நீ பண்ணாததையா பண்ணினேன்னு சொல்றாங்க?"

"அதத்தான் நான் வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப மிச்சத்தக் காட்டு." அவர் வெற்றிலை எதுவும் போடாமலேயே எதையோ மென்றபடி யோசித்தார். "என் கடையில ஒருத்தன் சட்டை சின்னதாயிடுச்சுன்னு சண்டைக்கு வந்தா, நான் என்ன பண்ணுவேன்? மிச்சத் துணிய எடுத்துக் காட்டுவேன். கத்திரி படாத துணி பொய் சொல்லாதுல்ல?"

கத்தியக்கா கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். மிச்சத் துணி. ஆபரேஷன் அறையிலிருந்து வந்த துண்டு முழுவதையும் மெழுகில் போடவில்லை. பாதியைக் கண்ணாடிக் குப்பியில் மருந்து நீரில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவள் பிளேடு அதன் பக்கமே போனதில்லை.

"உங்களுக்கு மூளை இருக்குங்க," என்றாள்.

"இருபது வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சுட்டா," என்றார் அவர்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். குப்பியைத் திறந்தாள். மூக்கில் ஏறும் நெடி. கையுறை போட்ட விரல்களுக்கு நடுவில் அந்தத் துண்டை வைத்து மெல்ல அழுத்தினாள். நுரையீரல் என்றால் ஈரப் பஞ்சுபோல அமுங்க வேண்டும். இது கல் பொறுக்காத அரிசியைக் கையில் அள்ளினதுபோல நறநறத்தது. ஓரிடத்தில் முள்ளாகக் குத்தியது. பின்னாக இருந்தால் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். இது துண்டு முழுவதும் இருந்தது.

மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். மாதிரி எதுவும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. துண்டைத் தட்டில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, பின்படி வழியாகக் கீழே எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப்போனாள். அங்கே படம் பிடிப்பவர் அவளைப் போலவே பதினோரு மாசத்து ஆள். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, காலங்காத்தால சாப்பாட்டுத் தட்டோட வந்திருக்கீங்க?"

"தொறந்து பாத்தா சாப்பிட மாட்டே. இத ஒரு படம் எடுத்துக் குடு தம்பி. காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும்."

அவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு டீயைத் தள்ளி வைத்தார். இரண்டு நிமிஷத்தில் திரையில் படம் வந்தது. கறுப்புப் பின்னணியில் மங்கலாக நுரையீரல் துண்டு. அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. இலை உதிர்ந்த மரக்கொம்பு ஒன்றை யாரோ உள்ளே சொருகி வைத்ததுபோல இருந்தது.

"என்னக்கா இது? மனுஷன் செடி எதாவது முழுங்கிட்டாரா?"

 தன் மேல் பழி இல்லை என்று கத்தியக்காவுக்கு முதலில் ஒரு சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே, இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் மாடி ஏறி வந்தார் என்று தோன்றியது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகிப் போனது.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். மேற்பார்வையாளர், "யாரைக் கேட்டு வெளிய எடுத்துக்கிட்டுப் போனே?" என்று ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நுரையீரலுக்குள்ள எலும்பு முளைக்கிற நோய். இருபத்தெட்டு வருஷமா புத்தகத்துலதான் பாத்திருக்கேன்," என்றார். பிறகு கத்தியக்காவைப் பார்த்துத் திரும்பினார். "நேத்து நான் சொன்னது தப்பும்மா. வழக்கமா எது நடக்குமோ அதையே நெனச்சுட்டேன்."

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மெழுகுக் கட்டியின் முகத்தை அமிலத்தில் நனைத்த பஞ்சின் மேல் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தாள் கத்தியக்கா. எலும்பு இளகியது. பனிக்கட்டியில் குளிரவைத்து, புதுப் பிளேடு மாட்டிச் சீவினாள். ஏடு ஒரு கிழிசல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் பழைய நெஞ்சுப் படங்களையெல்லாம் டாக்டரம்மா வரவழைத்துப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முந்தின படத்திலேயே அந்த மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. பழைய காசநோய்த் தழும்பு என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் பன்னிரண்டு மாச மாத்திரை.

பழைய தாளை டாக்டரம்மா தன் கையாலேயே கிழித்துப் போட்டார். மேற்பார்வையாளர் வேறு தாள் கொண்டுவந்தார். மாதிரியை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது. கத்தியக்கா அதில் கையெழுத்துப் போட்டாள். அது செய்ததுதானே.

பதினேழாம் தேதி கணவனும் மனைவியும் வந்தார்கள். டாக்டரம்மா அவர்களை உள்ளேயே கூப்பிட்டு உட்காரவைத்தார். நோயின் பேரைச் சொன்னபோது இருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நீங்களே பாருங்க," என்று அந்த மனிதரை மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தார். கத்தியக்கா குமிழைத் திருப்பிப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தாள்.

பாலிஷ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கல்லில் கீறல் தேடுகிறவர்போல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"நல்ல கல்லு," என்றார் கடைசியில். "இந்த மாதிரி ரேகை ஓடுற கல்லுக்குத்தான் கிராக்கி. பாலிஷ் போட்டா கண்ணாடியாட்டம் வரும்."

"வாய மூடுங்க," என்று மனைவி அவர் தோளில் அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "மருந்து இருக்குங்களா மேடம்?"

"இதுக்குன்னு மருந்து இல்லம்மா. மெதுவாத்தான் வளரும். தூசு கிட்ட போகவே கூடாது, அதான் முக்கியம்."

"அது போதும்ங்க. அதையே பேப்பர்ல எழுதிக் கொடுங்க."

டாக்டரம்மா எழுதினார். நுரையீரலுக்குள் கிளைவிட்ட எலும்பு வளர்ச்சி. கல்தூள் படிவும் உண்டு. தூசு உள்ள இடத்தில் வேலை செய்யக் கூடாது. எலும்பு வளர்ந்ததன் காரணம் உறுதியாகச் சொல்ல இயலாது. அவர்கள் போன பிறகு, கடைசி வரி கத்தியக்காவை உறுத்தியது.

"மேடம், கல்தூளாலன்னு எழுதக் கூடாதா? இருபத்திரெண்டு வருஷம் அதைத்தானே சுவாசிச்சிருக்காரு?"

"இருக்கலாம். வயித்துல இருந்து புளிச்ச தண்ணி மேல ஏறி உள்ள போனாலும் வரும்ங்கறாங்க. காரணமே இல்லாமலும் வரும்னு போட்டிருக்கு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா, உன் பிளேடு மேல பழி போட்டேனே, அந்தக் கதைதான்."



அடுத்த இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்துக்குக் கல்யாணக் களை. மாணவர்கள் வரிசையில் நின்று 412-ஐப் பார்த்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு டாக்டர்கள் காரில் வந்தார்கள். டாக்டரம்மா மாநாட்டில் காட்டுவதற்காக ஒவ்வொரு தகட்டையும் படம் எடுத்தார்கள். ஏடு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று வந்தவர்களில் ஒருவர் மெச்சினார். "எங்க கத்தியக்கா," என்று மேற்பார்வையாளரே பெருமையாகச் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் பட்டியலில் அவள் பேர் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால், பாக்கலாம் பாக்கலாம் என்றார். அவள் இப்போது ரிஜிஸ்டரை வெட்டிய வரிசையிலேயே எழுதினாள். பார்க்க அவலட்சணமாகத்தான் இருந்தது.

அபூர்வமான கட்டிகளுக்கென்று ரிப்போர்ட் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. கதவின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள். 412-ஐ அதில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கத்தியக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

பாலிஷ்காரரும் மனைவியும். அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. புருவம், இமை, காதுமடல் எல்லாம் மாவு பூசினதுபோல வெள்ளை. கழுத்தில் ஒரு ஈரத்துணி தொங்கியது, அதுவும் வெள்ளை.

"என்னங்க இது? வாசல் வேலை கொடுத்தாங்கன்னு நெனச்சேன்," என்றாள் கத்தியக்கா.

"கொடுப்பாங்க, கொடுப்பாங்க," என்றாள் மனைவி. குரலில் பழைய துடுக்கு இருந்தது, ஆனால் உள்ளே ஏதோ உடைந்திருந்தது. "போர்டுல பட்டறை டாக்டரும் உக்காந்திருந்தாருக்கா. ரிப்போர்ட்ட ரெண்டு தடவ படிச்சாரு. கல்லு இவர் நெஞ்சுல எலும்பா ஆயிருந்தா எங்க பொறுப்பு, ஆனா காரணம் தெரியலைன்னு உங்க டாக்டரே எழுதியிருக்காங்க, எலும்பு இவரோட சொந்த உடம்புல இருந்து வந்தது, அதுக்குப் பட்டறை என்ன பண்ணும்னாரு. அவங்க பட்டியல்ல பதினேழு நோய் இருக்காம். இது இல்லையாம்."

"அதான் தூசு கூடாதுன்னு எழுதியிருக்கே!"

"தூசு ஒத்துக்காத ஆளு கல் பட்டறைக்கு லாயக்கில்லைன்னு பேரை அடிச்சுட்டாங்க. அதே வரிய வச்சே அடிச்சாங்கக்கா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அதே பட்டறையில, அதே இடத்துல, காண்டிராக்ட் ஆளா நிக்கிறாரு. திங்கக்கிழமையிலேருந்து. ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் போயிருந்தா மறுபடி பாக்கச் சொல்லி இன்னொரு தேதி கொடுத்திருப்போம்னு அங்க ஒரு கிளார்க் சொன்னாரு."

 அன்றைக்குப் பேனா மூடியைத் திறந்து மூடியது கத்தியக்காவுக்கு நினைவுக்கு வந்தது. "நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கலாமோ," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

என்ன தாள், ஏது தாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பாலிஷ்காரருக்கும் தெரியாது. ஆனால் அவர் தலையை ஆட்டினார். "மூணு வருஷமா நடிக்கிறேன்னு சொன்னாங்கம்மா," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "என் பொண்ணே ஒரு தடவ கேட்டுச்சு. இப்ப யாரும் அப்படிச் சொல்ல முடியாதுல்ல. அதுக்கு உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே அந்தத் துண்டையும் ஒரு தடவ பாக்கணுமாம் இவருக்கு. வச்சிருக்கீங்களா, தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

"போடுவாங்களா? பத்திரமா வச்சிருக்கோம்," என்றாள் கத்தியக்கா. பக்கக் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே வரச் சொன்னாள். அலமாரிக்கு உள்ளே நடுத்தட்டில், பஞ்சு விரித்த சின்னப் பெட்டியில் 412 இருந்தது. வெள்ளை மெழுகுக்கு நடுவில் அவரைக்கொட்டை அளவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. நன்றாகத் தெரியட்டும் என்று அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

மனைவி கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். பாலிஷ்காரரும் இரண்டு எட்டு வைத்தார். கதவின் மேல் ஒட்டியிருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. தூசு படக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. உதட்டை அசைத்து அதை ஒரு தடவை படித்தார். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"நீ பாத்துச் சொல்லு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பின்னால் நகர்ந்து, சுவரோரம் போய் நின்றார். இருமல் வந்தபோது ஈரத்துணியை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அலமாரிக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கதவச் சாத்திருங்கம்மா," என்றார் துணிக்குள்ளிருந்து. "என் மேலெல்லாம் தூசு."